விமானம் விட்டாலும் வீதி விடுமா? வெளிநாட்டுப் பயணத்தில் பாக்கெட் கத்தி

பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, சட்டையில் தொங்கும் நூலை அறுக்க என்று பாக்கெட்டில் ஒரு சின்ன மடக்குக் கத்தி வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வெளிநாடு கிளம்பும்போது அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதை எடுத்துப் போகலாமா? விடை தேடினால் ஒருவர் 6 சென்டிமீட்டர் வரை சரி என்கிறார். இன்னொருவர் 3 அங்குலம் என்கிறார். மூன்றாமவர் கத்தி என்று பெயர் வைத்த எதையும் தொடாதே என்கிறார். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவர் விமானத்தைப் பற்றிப் பேசுகிறார், ஒருவர் பிரிட்டன் தெருவைப் பற்றி, ஒருவர் ஜப்பானைப் பற்றி. கேட்பவருக்கு அது தெரியாததால்தான் குழப்பம்.

விமான நிலையச் சோதனையைத் தாண்டியதும் பிரச்சினை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டச் சிக்கலின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. சோதனையில் மாட்டினால் பெரும்பாலும் கத்தி போகும். தெருவில் மாட்டினால் வழக்கு வரும்.

ஒரே கத்தி, நான்கு சட்டங்கள்

கத்தியோடு பயணம் செய்பவர் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விதமான விதிகளைக் கடக்கிறார்.

1. விமானப் பாதுகாப்பு விதி. கேபினுக்குள் என்ன வரலாம், செக்-இன் பெட்டியில் என்ன போகலாம் என்பதோடு இதன் வேலை முடிகிறது.

2. சுங்க விதி. அந்தப் பொருள் நாட்டுக்குள் நுழையலாமா என்று பார்ப்பது. சில வகைக் கத்திகள் இறக்குமதியே செய்யக்கூடாத பொருட்கள். ஒன்றே ஒன்றைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தாலும் அது இறக்குமதிதான்.

3. உடைமை விதி. வீட்டிலோ ஹோட்டல் அறையிலோ வைத்திருக்கலாமா என்பது. பெரும்பாலான சாதாரணக் கத்திகளுக்கு இதில் தடை இருக்காது. பட்டனைத் தட்டினால் பாயும் கத்தி போன்ற சிலவற்றுக்கு இருக்கும்.

4. பொது இட விதி. தெரு, ரயில், கடை, பூங்கா என்று வெளியே போகும்போது உடம்பிலோ பையிலோ வைத்திருக்கலாமா என்பது. பயணிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஒன்றில் கிடைத்த அனுமதி அடுத்ததற்குச் செல்லாது. கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று ஆகாது. விற்பது சட்டபூர்வம், வீட்டில் வைப்பது சட்டபூர்வம், காரணம் இல்லாமல் தெருவில் எடுத்துச் செல்வது குற்றம் என்று மூன்றும் ஒரே நாட்டில் சேர்ந்து இருக்க முடியும்.

6 செ.மீ. என்ற எண் எங்கே செல்லும்?

இணையத்தில் அதிகம் சுற்றும் எண் இது. கத்தியின் வெட்டும் தகடான அலகின் நீளத்தைக் குறிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு விதிகளில், பயணிகள் கேபினுக்குள் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியலில் 6 செ.மீ.க்கு மேல் அலகு உள்ள கத்திகள் இருக்கின்றன. கனடாவும் 2017 நவம்பர் முதல் 6 செ.மீ. வரையிலான அலகைக் கேபினில் அனுமதிக்கிறது. அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியும் சவரப் பிளேடும் எந்த நீளத்திலும் கூடாது.

அமெரிக்காவும் ஒருமுறை இந்தப் பக்கம் வரப் பார்த்தது. 2013 மார்ச்சில் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, 2.36 அங்குலம், அதாவது 6 செ.மீ. வரையிலான சிறு கத்திகளை ஏப்ரலில் இருந்து கேபினில் விடப்போவதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்கள், பணியாளர்களின் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் சிறு வெட்டுக் கருவிகள் பயன்பட்டதை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை. திட்டம் தள்ளிப்போடப்பட்டு ஜூனில் கைவிடப்பட்டது. இன்றும் அமெரிக்க விமான நிலையங்களில் சாவிக்கொத்தில் தொங்கும் விரலளவு கத்தியும் கேபினுக்குள் போகாது. பிளாஸ்டிக் கத்தி, முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தி ஆகியவைதான் விதிவிலக்கு. ஜப்பானிலும் கத்தி கேபினுக்குள் கூடாது.

ஆக 6 செ.மீ. என்பது சில நாடுகளின் விமானக் கேபினுக்கான எண். அந்த நாடுகளிலும் விமான நிறுவனம் தன் பங்குக்கு இன்னும் இறுக்கலாம், சோதனை மேசையில் இருப்பவரின் முடிவே இறுதி. இன்னொரு தொல்லை, போகும்போது விட்டவர்கள் திரும்பும்போதும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. திரும்பும் விமான நிலையம் வேறு நாட்டில், வேறு விதியில் இருக்கிறது. கேபினில் கத்தி கொண்டுபோகும் யோசனையையே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. செக்-இன் பெட்டி இருந்தால் அதில் போகட்டும், இல்லையென்றால் கத்தி வீட்டில் இருக்கட்டும்.

கத்தியில் சட்டம் எதைப் பார்க்கிறது

நீளம்தான் எல்லாம் என்று பொதுவாக நினைக்கிறோம். சட்டங்களைப் படித்தால், பல நாடுகளில் நீளத்துக்கு முன்பு திறக்கும் விதத்தையும் பூட்டையும் பார்ப்பது தெரியும்.

1. எப்படித் திறக்கிறது? பிடியில் உள்ள பட்டனை அழுத்தினால் தானாக விரியும் பட்டன் கத்தி, உதறினால் அல்லது சாய்த்தால் தன் எடையில் வெளிவரும் கத்தி, இரண்டு பிடிகள் சுழன்று விரியும் பட்டாம்பூச்சிக் கத்தி ஆகிய மூன்றும் பல நாடுகளில் நேரடித் தடையில் இருக்கின்றன. ஹாங்காங்கில் பட்டன் கத்தியும் எடையால் விரியும் கத்தியும் வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனிலும் அப்படித்தான்; அங்கே 2019இல் வந்த சட்டம் இத்தகைய கத்திகளை வீட்டுக்குள் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. கனடா இன்னும் நுட்பமானது. பட்டன் இல்லாவிட்டாலும், மணிக்கட்டைச் சொடுக்கி உதறும் வேகத்தில் அலகு முழுதாக விரிந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். கடையில் சாதாரண மடக்குக் கத்தியாக வாங்கியது, திருகு தளர்ந்துபோனதால் எல்லையில் பறிமுதலாக வாய்ப்புண்டு.

2. ஒரு கையால் திறக்க முடியுமா? அலகின் மேல் கட்டைவிரலுக்கு ஒரு குமிழோ துளையோ இருந்தால் அது ஒரு கை கத்தி. வேலை செய்பவர்களுக்கு இது வசதி. ஜெர்மனியில் இதுவே பிரச்சினை.

3. விரிந்ததும் பூட்டிக்கொள்கிறதா? பூட்டு இருந்தால் அலகு விரல் மேல் மடங்காது. பயன்படுத்துபவருக்கு அது பாதுகாப்பு. சட்டம் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்க்கிறது: பூட்டிய மடக்குக் கத்தி, குத்துவதற்கு ஏறக்குறைய மடங்காத கத்தியைப் போலவே ஆகிவிடுகிறது. கைவினைஞருக்கு நல்ல கத்தி எதுவோ அதுவே சட்டத்துக்கு மோசமான கத்தி என்ற முரண் இதனால்தான் வருகிறது.

4. நீளம். இதிலும் எதை அளக்கிறார்கள் என்பது மாறும். பிரிட்டன் சட்டம் பேசுவது கூரான விளிம்பின் நீளத்தை. வேறு சில இடங்களில் பிடியிலிருந்து நுனி வரை முழு அலகும் கணக்கு. எல்லைக்கோட்டில் நிற்கும் கத்தியை நம்பி அளவுகோலோடு வாதிடுவது வீண்வேலை.

5. எங்கே, எதற்காக? கத்தி மாறாமல் இருந்தாலும் இந்த இரண்டும் மாறினால் சட்டநிலை மாறிவிடும்.

இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்வோம்

உலகம் முழுக்கப் பரவலான இரண்டு கத்திகளை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும்.

முதலாவது, சிவப்புப் பிடியில் பல கருவிகள் மடங்கியிருக்கும் 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி. அலகு 7 செ.மீ. அளவில் இருக்கும். பூட்டு இல்லை. நகத்தால் இழுத்து இரண்டு கையால்தான் திறக்க முடியும்.

இரண்டாவது, பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் எண். மரப்பிடி, 8.5 செ.மீ. அலகு. 1955இல் இருந்து இந்தக் கத்திகளில் ஒரு உலோக வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். பிரான்சில் பாலாடைக்கட்டி வெட்ட வைத்திருக்கும் சாதுவான கத்தி.

இந்த இரண்டையும் நாடு நாடாகக் கொண்டுபோவோம்.

பிரிட்டன்

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுதான் இங்கே அடிப்படை. பொது இடத்தில் அலகுள்ள அல்லது கூர்முனையுள்ள பொருளை, தகுந்த காரணமோ சட்ட அதிகாரமோ இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஒரே ஒரு வகைக்கு மட்டும் காரணமே தேவையில்லை: கூர்விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மிகாத மடக்குக் கத்தி. பூட்டுள்ள கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்று 1990களிலேயே நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துவிட்டன. தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. எந்த நேரமும் மடக்கக்கூடியதாக இருந்தால்தான் அது மடக்குக் கத்தி. மடக்குவதற்கு முன் எதையாவது விடுவிக்க வேண்டியிருந்தால் மடங்காத கத்திக்குச் சமம்.

எனவே சுவிஸ் கத்தி சரி. ஒப்பினெல் 8 இரண்டு காரணங்களால் வெளியே: நீளமும் அதிகம், பூட்டும் இருக்கிறது. பூட்டு இல்லாத ஒப்பினெல்கள் சிறிய எண்களில் கிடைக்கின்றன, அவை இந்தச் சலுகைக்குள் வரும். இடுக்கி வடிவப் பல்கருவி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் அலகு பூட்டிக்கொள்ளும்.

அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டு சிறை. காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவருடையது. வேலை, மத வழக்கம், தேசிய உடை ஆகியவற்றைச் சட்டமே காரணங்களாகப் பெயர் சொல்கிறது. கூடாரம் அடித்துத் தங்கும் முகாமுக்குப் போகும் வழி, மீன்பிடிக்கப் போகும் வழி போன்றவையும் எடுபடலாம். போன வார இறுதியில் முகாம் போனேன், எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்பது மட்டும் போதாது. இன்னொரு விஷயம், சலுகைக்குள் வரும் சின்னக் கத்தியாக இருந்தாலும் யாரையாவது காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அது ஆயுதம்தான்.

ஜெர்மனி

இங்கே ஒரு காலத்தில் விதி ஓரளவு தெளிவாக இருந்தது. 2008 ஏப்ரலில் அமலுக்கு வந்த, ஆயுதச் சட்டத்தின் 42அ பிரிவு இரண்டைத் தடுக்கிறது: ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தி, 12 செ.மீ.க்கு மேல் அலகுள்ள மடங்காத கத்தி. இவற்றை நியாயமான தேவை இல்லாமல் உடம்பில் எடுத்துச் செல்லக்கூடாது. மீறினால் 10,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. மூடிப் பூட்டிய பெட்டிக்குள் கொண்டுபோகலாம்.

இதன்படி சுவிஸ் கத்தியும் தப்பியது, ஒப்பினெல் 8உம் தப்பியது. ஒப்பினெலில் பூட்டு உண்டு, ஆனால் திறக்க இரண்டு கை வேண்டும். பிரிட்டனில் தோற்ற கத்தி இங்கே ஜெயிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் ராணுவத்துக்கென்று சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸ் செய்யும் கத்தி ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் வகை. அதை வாங்கி வைத்திருக்கும் சாதாரணக் குடிமகன் காரணமில்லாமல் பாக்கெட்டில் போட்டு நடந்தால் விதிமீறல்.

2024 ஆகஸ்டில் சோலிங்கன் நகர விழாவில் நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கத்தித் தொழிலுக்கே பெயர்பெற்ற ஊர் சோலிங்கன். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் அமலுக்கு வந்த மாற்றங்கள் பட்டன் கத்திகளைப் பொதுவாகத் தடைசெய்தன. திருவிழா, விளையாட்டு நிகழ்ச்சி, கண்காட்சி, சந்தை போன்ற பொது நிகழ்ச்சிகளில் எல்லாக் கத்திகளுக்கும் தடை வந்தது. நீளமும் பூட்டும் அங்கே பேச்சில்லை. தொலைதூர ரயில்களிலும் பேருந்துகளிலும் இதே தடை. விதிவிலக்கு, கத்தியைச் சட்டென்று எடுக்க முடியாதபடி ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. சட்டென்று எடுக்க முடியாதது என்றால் என்ன? அதற்கும் சட்டம் அளவு வைத்திருக்கிறது: கையில் எடுக்க மூன்றுக்கும் மேற்பட்ட கை அசைவுகள் தேவைப்பட வேண்டும். முதுகுப்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பையை வெளியே எடுத்து, அதன் ஜிப்பைத் திறந்து, அதற்குள் இருக்கும் டப்பாவைத் திறந்து, பிறகு கத்தியை எடுப்பது என்றால் சரி. கால்சட்டைப் பாக்கெட் என்றால் இல்லை.

பயணிக்கு இதன் விளைவு பெரிது. விமான நிலையத்தில் இறங்கி இன்னொரு நகரத்துக்கு விரைவு ரயில் ஏறும் அந்தக் கணத்திலேயே, சாதாரண சுவிஸ் கத்தியும் பாக்கெட்டில் இருக்கக்கூடாத பொருளாகிறது. இதுபோக, பல நகரங்கள் ஆயுதத் தடைப் பகுதிகளை அறிவித்திருக்கின்றன. பெரும்பாலும் ரயில் நிலையத்தைச் சுற்றியே அவை இருக்கும்.

ஜப்பான்

சமையல் கத்திக்கு உலகப் புகழ்பெற்ற நாடு, பாக்கெட் கத்தி விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. இரண்டு சட்டங்கள் இரண்டு அடுக்காக வேலை செய்கின்றன.

முதல் அடுக்கு துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம். 6 செ.மீ.க்கு மேல் அலகுள்ள எதையும் நியாயமான காரணம் இல்லாமல் எடுத்துச் செல்லக்கூடாது. 8 செ.மீ. வரையிலான, பூட்டு இல்லாத, குறிப்பிட்ட அகலத்துக்கும் தடிமனுக்கும் மிகாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. தண்டனை 2 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். 2008இல் டோக்கியோவின் அகிஹாபராவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, 5.5 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இருபுறக் கூர் கத்திகளை வைத்திருப்பதே தடையாயிற்று.

விலக்கைப் படித்துவிட்டு, என் சுவிஸ் கத்தி 7 செ.மீ., பூட்டு இல்லை, அப்போது சரிதானே என்று கேட்பவர் இரண்டாவது அடுக்கை விட்டுவிடுகிறார். சிறு குற்றங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நியாயமான காரணம் இன்றி, பிறருக்குத் தீங்கு செய்யப் பயன்படக்கூடிய பொருளை மறைத்து வைத்திருப்பது அதன்படி குற்றம். இதில் நீளக் கணக்கே இல்லை. பையின் அடியில் கிடக்கும் சிறு கத்தியும் மாட்டலாம். என்றைக்காவது உதவும் என்று வைத்திருக்கிறேன் என்பதை ஜப்பானியப் போலீஸ் காரணமாக எடுத்துக்கொள்ளாது. தற்காப்புக்கு என்றால் நிலைமை இன்னும் மோசம். கடையில் வாங்கிய கத்தியை அட்டைப்பெட்டி பிரிக்காமல் ஹோட்டலுக்குக் கொண்டுபோவது, முகாமுக்குப் போகும்போது மூட்டையில் கட்டி எடுத்துப்போவது ஆகியவை காரணங்கள்.

அமெரிக்கா

ஒரே நாடு என்று பேசவே முடியாது. பட்டன் கத்திகளின் இறக்குமதியையும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தையும் 1958ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தெருவில் எடுத்துச் செல்வதை மாநிலம் முடிவு செய்கிறது, சில இடங்களில் நகரம் முடிவு செய்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 2017இல் இருந்து 5.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குக்கூடக் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே பெரியவர்களுக்குத் தடை. சிகாகோ நகரம் 2.5 அங்குலத்தில் கோடு போடுகிறது. நியூயார்க் நகரில் 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதோடு வெளியே தெரியவும் கூடாது. பாக்கெட்டின் விளிம்பில் கிளிப்போடு செருகி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பொறி. உதறினால் திறக்கும் கத்திகளை நியூயார்க் மாநிலம் நீண்ட காலம் குற்றமாக வைத்திருந்து, சாதாரணத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கைதான பிறகு, 2019 மேயில் அந்தத் தடையை நீக்கியது.

நம் ஒப்பினெல் 8 நியூயார்க்கில் சரி, சிகாகோவில் தவறு. எந்த மாநிலமானாலும் கூட்டாட்சி அரசுக் கட்டடங்களுக்குள் 2.5 அங்குலத்துக்குக் குறைவான பாக்கெட் கத்தியை மட்டுமே கூட்டாட்சிச் சட்டம் ஆயுதமாகக் கருதாமல் விடுகிறது. வாசலில் உள்ள காவலர் அதையும் உள்ளே விடாமல் இருக்கலாம்.

மற்ற சில நாடுகள்

பிரான்ஸ், இத்தாலி இரண்டிலும் நீளத்தைவிடக் காரணம் முக்கியம். நியாயமான நோக்கம் இல்லாமல் எடுத்துச் சென்றால் ஒப்பினெலும் பிரச்சினைக்குரியதே, அதன் பிறந்த நாட்டிலேயே. மலையேற்றத்தின்போது பையில் இருந்தால் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. நள்ளிரவில் கேளிக்கை விடுதி வாசலில் பாக்கெட்டில் இருந்தால் கதை வேறு. ஸ்பெயின் 11 செ.மீ.க்கு மேற்பட்ட மடக்குக் கத்திகளைத் தடைசெய்கிறது. டென்மார்க்கில் 7 செ.மீ.க்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி என்றால் சரி. சுவிட்சர்லாந்தின் ஆயுதச் சட்டம், தன் நாட்டு ராணுவப் பாக்கெட் கத்தியையும் அது போன்றவற்றையும் ஆபத்தான பொருட்களாகக் கருதக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் சலுகை!

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும். தற்காப்பு அந்தக் காரணமாகாது என்று சட்டமே சொல்கிறது. நாட்டுக்குள் நுழையும்போது ஆயுதங்கள் பற்றிய கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஆம் என்று எழுதிக் காட்டுவதே பாதுகாப்பு. சிங்கப்பூரில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது சிறையோடு பிரம்படிக்கும் உரிய குற்றம். சீனாவில் பெருநகர மெட்ரோ நிலையங்களில் பைகள் எக்ஸ்-ரே இயந்திரத்துக்குள் போகும். தெருவில் யாரும் கேட்காத கத்தி அங்கே கண்ணில் படும்.

"தற்காப்புக்கு" என்ற பதில் ஏன் ஆபத்தானது

காரணம் கேட்கும் நாடுகளில் எல்லாம் அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: இது கருவியா, ஆயுதமா? பெரும்பாலான பாக்கெட் கத்திகள் இரண்டுமாக இருக்க முடியும். எனவே வைத்திருப்பவரின் வாயிலிருந்து வரும் சொல்லே தீர்மானிக்கிறது. தற்காப்புக்கு என்று சொன்ன மாத்திரத்தில், தேவைப்பட்டால் இதை ஒரு மனிதன் மேல் பயன்படுத்துவேன் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. பழம் நறுக்கும் கத்தி அந்தக் கணத்தில் ஆயுதமாகிறது. அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையிலேயே தற்காப்புக்காகத்தான் எடுத்துப் போகிறீர்கள் என்றால் எடுத்துப் போகாதீர்கள்.

காரணம் பொதுவாக இருந்தால் எடுபடாது. அந்த நாள், அந்த நேரம், அந்த இடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கூடாரமும் அடுப்பும் இருக்கும் பையில் கத்தி இருந்தால் விளக்கமே தேவைப்படாது.

பயணத்தின் நடுவில் வரும் பொறிகள்

1. இடைவழி நாடு. பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும் என்று நினைத்திருப்போம். அமெரிக்கா வழியாகப் போனால், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். இணைப்பு விமானம் தவறி ஓர் இரவு தங்க நேர்ந்தால், எந்த நாட்டிலும் பெட்டி கைக்கு வந்துவிடலாம். கைக்கு வந்ததும் அந்த நாட்டுச் சட்டம் பேசத் தொடங்கும். ஹாங்காங் போன்ற இடத்தில், பெட்டியில் பட்டன் கத்தி இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

2. கைப்பையையே கீழே அனுப்புவது. கேபினில் இடமில்லை என்று வாசலில் பையை வாங்கிக்கொள்வார்கள் என்பதை நம்பிக் கத்தியை அதில் வைத்தால், சோதனை மேசை அதற்கு முன்னாலேயே வருகிறது.

3. சாவிக்கொத்து, பணப்பை, முதுகுப்பையின் மூலை. கிரெடிட் கார்டு வடிவில் மடங்கும் கத்தி, பேனா வடிவக் கத்தி, பெல்ட் பக்கிளில் ஒளிந்த கத்தி என்று பரிசுக் கடைகளில் கிடைப்பவை இன்னும் மோசம். வேறு பொருள் போலத் தோற்றமளிக்கும் கத்திகளைப் பிரிட்டன் உட்படச் சில நாடுகள் தனி வகையாகவே தடைசெய்கின்றன. நீளம் ஒரு விரற்கடை இருந்தாலும் தப்பாது.

4. நினைவுப்பொருள். ஒரு நாட்டுச் சந்தையில் வாங்கிய அழகான கத்தி, அடுத்த நாட்டில் இறக்குமதித் தடைப் பட்டியலில் இருக்கலாம்.

5. வாடகைக் கார். காரின் முன்பக்க டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவிட்டால் உடம்பில் இல்லை என்று வாதிடலாம் என்று தோன்றும். சாலையில் நிற்கும் காரில் கை எட்டும் இடத்தில் இருப்பதைப் பல நாடுகள் உடம்பில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

கிளம்பும் முன்

எடுத்துப் போவதா என்று முதலில் யோசியுங்கள். நகரம் சுற்றும் பயணத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இந்த நெருக்கடி தயாரிப்பாளர்களையும் தொட்டிருக்கிறது. அலகே இல்லாத பாக்கெட் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக விக்டோரினாக்ஸ் தலைவர் கார்ல் எல்செனர் 2024இல் சொன்னார்.

எடுத்துத்தான் போக வேண்டும் என்றால், பூட்டு இல்லாத, இரண்டு கையால் திறக்கும், அலகு 6 செ.மீ.க்குக் குறைந்த கத்தியே அதிக நாடுகளில் தொல்லை குறைந்தது. ஜப்பான் போன்ற இடத்தில் அதுவும் பெட்டியிலேயே இருக்கட்டும். போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு ஆகிய ஒவ்வொன்றின் அரசு, காவல்துறை, சுங்கப் பக்கங்களைக் கிளம்பும் வாரத்தில் பாருங்கள். ஜெர்மனி ஓர் இலையுதிர்காலத்தில் எவ்வளவு மாறியது என்று பார்த்தோம். பழைய பயணக் குறிப்புகளை நம்புவதில் அந்த ஆபத்து உண்டு. செக்-இன் பெட்டியைச் சோதிப்பவர் கையை வெட்டிக்கொள்ளாதபடி கத்தியை உறையிட்டோ தடித்த துணியில் சுற்றியோ வையுங்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் இது விதியாகவே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சோதனை மேசையில் பையிலிருந்து கத்தி வெளியே வந்தால், பதறாமல் மறந்துவிட்டேன் என்று நேராகச் சொல்வது நல்லது. சட்டத்தில் தடையில்லாத சாதாரணக் கத்தி என்றால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும்: அங்கேயே விட்டுவிடுவது, வெளியே போய்ப் பெட்டியில் சேர்த்து ஒப்படைத்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்பது, அல்லது வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிடுவது. சில விமான நிலையங்களில் தபாலில் அனுப்பும் வசதியும் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கும் முன், முகவரி இருக்கும் நாட்டின் சுங்கம் அந்தக் கத்தியை உள்ளே விடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தபாலில் வருவதும் இறக்குமதிதான்.